புளூகிராஸ் கிடாரும் மாண்டலினும்: வலது கையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

அமெரிக்க நாட்டுப்புற இசை வகையான புளூகிராஸின் கலைஞர்கள் வேகமாக வாசிக்கும்போது பார்ப்பவர்களின் கண் இடது கை விரல்களின் மீதே இருக்கும். கற்றுக்கொள்ள உட்காருகிறவர்கள் தடுமாறுவதோ பெரும்பாலும் வலது கையில். எந்தச் சுரம் டவுன் (கீழ்நோக்கிய அடி), எந்தச் சுரம் அப் (மேல்நோக்கிய அடி), மணிக்கட்டு எவ்வளவு தூரம் ஆடுகிறது, பீட்டின் எந்த இடத்தில் அடி விழுகிறது என்பவையே இந்த இசையில் ஒருவரின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது: கருவி, பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு), வலது கை, ரிதம், அதற்குப் பிறகு மெட்டு, வேகம், சோலோ. ஜி, சி, டி போன்ற திறந்த கார்டுகளைத் தடங்கலில்லாமல் மாற்றத் தெரிந்திருந்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயிற்சியே அதிலிருந்துதான் வருகிறது. கென்டக்கியின் ரோசைனில் பிறந்த பில் மன்ரோ, அண்ணன் சார்லியோடு சேர்ந்து 1936-இல் பதிவு செய்த பாட்டுகளில் இருந்த கருவிகள் இரண்டே: ஒரு கிடார், ஒரு மாண்டலின். பிறகு அவர் அமைத்த புளூ கிராஸ் பாய்ஸ் குழு 1939-இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தது. 1945 இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவோடு வந்ததும் இன்று நாம் கேட்கும் வடிவம் முழுமையானது. அந்தக் குழுவில் கிடாருக்குச் சோலோ கிடையாது; ரிதம் மட்டும்தான். வட கரோலினாவின் டாக் வாட்சன் 1950-களில் நடனக் குழு ஒன்றில் எலக்ட்ரிக் கிடார் வாசித்தார். குழுவில் பிடில்காரர் இல்லாததால் பிடில் மெட்டுகளைக் கிடாரில் வாசிக்க வேண்டியதாயிற்று. 1960-களில் அதையே அக்கூஸ்டிக் கிடாரில் அவர் மேடையேற்றினார். இன்னொரு கிடார் கலைஞரான கிளாரன்ஸ் வைட் அதில் பீட்டை ஏய்த்து விளையாடும் அடிகளைச் சேர்த்தார். டோனி ரைஸ் அதை எடுத்துக்கொண்டு மாண்டலின் கலைஞர் டேவிட் கிரிஸ்மனின் ஐவர் குழுவில் சேர்ந்து, 1977-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் ஜாஸ் கார்டுகளுக்குள் கொண்டுபோனார். ஆக, நாம் கற்கப்போவது பிடில் வில்லின் அசைவைப் பிக்கால் செய்யும் கலை. வில் மேலும் கீழும் போவதைப் போலவே பிக்கும் நிற்காமல் போய்வர வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்தது.

கருவியைச் சரிசெய்தல்

கிடாரில் டிரெட்நாட் உடலமைப்புதான் வழக்கம். மார்ட்டின் டி-18 மஹோகனி, டி-28 ரோஸ்வுட். இந்த இரண்டின் நகல்களே சந்தையில் நிறைந்திருக்கின்றன. மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு ஸ்ப்ரூஸ் மரமாக இருந்தால் போதும். மற்ற அலங்காரங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

மாண்டலினில் ஏ வடிவம், எஃப் வடிவம் என இரண்டு உண்டு. சுருளும் கூர்முனையும் கொண்ட எஃப் வடிவம் பார்க்க அழகு, விலையும் கூடுதல். ஒலியில் அந்தச் சுருள் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. ஒலித்துளை எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். நீள்வட்டத் துளை உள்ளதில் ஒலி சற்று நீண்டு நிற்கும், அடிக்கும் கார்டு குழைந்துபோகும். வயலினில் இருப்பது போன்ற இரட்டை எஃப் துளை உள்ளதில் அடி சுருக்கென்று வெட்டி நிற்கும். பில் மன்ரோ 1940-களிலிருந்து வாசித்தது கிப்சன் நிறுவனத்தின் எஃப்-5. உள்ளே அதை வடிவமைத்த லாய்ட் லோர் கையெழுத்தும் 1923 ஜூலை 9 என்ற தேதியும் உண்டு. குறைந்த விலையில் வாங்குபவர்கள் எஃப் துளை போட்ட ஏ வடிவத்தை எடுப்பதே புத்திசாலித்தனம்.

கம்பிகள்: கிடாருக்குப் பாஸ்பர் பிரான்ஸ் 12–56 அல்லது 13–56 தடிமன் (எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). எலக்ட்ரிக்கில் பழகிய 10, 11 தடிமன் கம்பிகள் இங்கே உதவாது. பலமாக அடித்தால் துவண்டு ஃப்ரெட்டில் மோதி இரையும். மாண்டலினில் கம்பிகள் இரண்டிரண்டாக நான்கு ஜோடி; அவற்றுக்கு 11, 15, 26, 40 என்ற தடிமன் வரிசை. விரல் வலித்தால் முதல் சில மாதங்களுக்கு 10–38 போடலாம்.

கம்பியின் உயரத்தை 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் அளக்க வேண்டும். கிடாரில் தடித்த ஈ கம்பிக்கு 2.4 முதல் 2.8 மில்லிமீட்டர், மெல்லிய ஈ கம்பிக்கு 1.8 முதல் 2 மில்லிமீட்டர். மாண்டலினில் 1.3 முதல் 1.6 மில்லிமீட்டர். இதைவிடத் தாழ்த்தினால் இடது கைக்குச் சுகம், ஆனால் ரிதம் அடிக்கும்போது இரைச்சல் வரும். அந்த இரைச்சலைத் தவிர்க்க உங்களை அறியாமலே மெதுவாக அடிக்கப் பழகிவிடுவீர்கள். உயர்ந்திருந்தால் வேகமே வராது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் மேல்பலகை உப்பிக் கம்பி உயர்வது சகஜம். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பை ஒன்றைப் போட்டு மூடிவைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

மாண்டலினில் ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். அதன் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதில்லை, கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது விழுந்துவிடும், பழைய இடம் தெரியாமல் போகும். ஒவ்வொரு ஜோடியாக மாற்றுங்கள். இடம் நகர்ந்துவிட்டால் சோதிப்பது எளிது: 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடி ஒலித்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் (கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் தகடு) பக்கம் அரை மில்லிமீட்டர் தள்ளுங்கள். குறைந்து ஒலித்தால் கழுத்துப் பக்கம். தள்ளுவதற்கு முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துவது அவசியம்.

சுருதி சேர்ப்பதில் ஜோடிக் கம்பிதான் பொறுமையைச் சோதிக்கும். ஒன்றை விரலால் அடக்கிக்கொண்டு மற்றதைச் சேருங்கள், பிறகு இரண்டாவதை முதலாவதோடு காதால் சேருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கினால் நட்டின் (கழுத்தின் மேல்முனைப் பட்டையின்) பள்ளத்தில் கம்பி சிக்கி நின்று, இரண்டு அடி விழுந்ததும் இறங்கிவிடும். அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் சிக்கல் குறையும்.

பிக்கும் பிடியும்

1.0 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிக் வேண்டும். மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் வளையும். வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த அடிக்கான நேரம் போய்விடும். மாண்டலினில் இரண்டு கம்பிகளையும் ஒரே அடியாகக் கடக்க வேண்டியிருப்பதால் 1.3-க்குக் கீழே போகாதீர்கள். பெரிய முக்கோணப் பிக்கின் உருண்டையான மூலை தடித்த ஒலியைத் தரும், கூர்முனை சளசளக்கும்.

ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முதல் மூட்டின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, கட்டைவிரலைத் தட்டையாக மேலே வையுங்கள். வெளியே 3 முதல் 5 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். பிக்கின் பரப்பு கம்பிக்கு நேர் இணையாக இல்லாமல், முன்விளிம்பு சற்றுக் கீழே சாய்ந்து 20, 30 டிகிரி கோணத்தில் கம்பியைத் தொட வேண்டும். நேராக இருந்தால் பிக் கம்பியில் மாட்டிக்கொண்டு இழுக்கும். அதிகம் சாய்ந்தால் உரசும் சத்தம்தான் கேட்கும்.

எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும்? வாசிக்கும்போது இன்னொருவர் வந்து பிக்கை இழுத்தால் அது எளிதாக அவர் கைக்கு வந்துவிட வேண்டும், ஆனால் தானாக விழக்கூடாது. வேகம் கூடக்கூட எல்லோருமே பிக்கை இறுக்குகிறோம். அந்த இறுக்கம் முன்கையில் ஏறும், முன்கை இறுகினால் மணிக்கட்டு நிற்கும், பிறகு முழங்கையால் வாசிக்கத் தொடங்குவோம். அந்த வழியில் ஓரளவுக்கு மேல் வேகம் கிடைக்காது, வலிதான் கிடைக்கும். முன்கையில் எரிச்சல் தெரிந்த நொடியில் நிறுத்துங்கள். வலியைத் தாண்டி வாசிப்பது இங்கே வீரமாகாது.

மணிக்கட்டு பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாகத் தொட்டு நிற்கலாம், சுண்டுவிரல் பலகையை உரசலாம். எதையும் ஊன்றிக்கொள்ளக் கூடாது. மாண்டலினில் உள்ளங்கையைப் பிரிட்ஜின் மேல் அழுத்தினால் ஒலியே பாதியாகிவிடும்.

டவுன், அப்: மீறக்கூடாத ஒரே விதி

நான்கு பீட் கொண்ட ஒரு பாரை "1 & 2 & 3 & 4 &" என எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணில் விழும் சுரம் எல்லாம் டவுன். நடுவில் விழும் சுரம் எல்லாம் அப். எந்தக் கம்பியில் இருக்கிறீர்கள், எந்தக் கம்பிக்குப் போகிறீர்கள் என்பது கணக்கில்லை.

கை ஓர் ஊசல் போலப் போய்க்கொண்டே இருக்கும். சுரம் இல்லாத இடத்திலும் கை போகும், கம்பியைத் தொடாமல் காற்றில் போகும். முதல் பீட்டில் நீண்ட சுரம் ஒன்று, அதன் பிறகு 2-இல் ஒன்று என்றால் இரண்டுமே டவுன். நடுவில் கை காற்றில் மேலே வந்துவிடும். இந்த விதி பழகிவிட்டால் பீட் தவறாது, ஏனென்றால் கையே மெட்ரோனோமாகிவிடுகிறது. தவறிப் பழகினால் மெதுவான வேகத்தில் யாருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு 200 பீட்டைத் தாண்டியதும் அடிகள் ஒன்றோடொன்று மோதும், காரணம் புரியாமல் இடது கையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கம்பி மாறும் இடங்களில் இரண்டு வகை உண்டு. தடித்த கம்பியில் டவுன், அடுத்த மெல்லிய கம்பியில் அப் என்றால் பிக் இரண்டு கம்பிகளுக்கும் வெளியே சுற்றி வருகிறது, எளிது. மெல்லிய கம்பியில் டவுன், தடித்த கம்பியில் அப் என்றால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள குறுகிய சந்தில் பிக் அகப்படுகிறது, கடினம். ஒரு மெட்டில் எங்கேயோ தொடர்ந்து இடறினால் பெரும்பாலும் அங்கே இந்த இரண்டாவது வகைதான் ஒளிந்திருக்கும். அந்த இரண்டு சுரங்களை மட்டும் வெட்டியெடுத்து, 60 வேகத்தில், நாளுக்கு 2 நிமிடம் தனியாக வாசிப்பது முழு மெட்டை 20 முறை வாசிப்பதைவிடப் பயன் தரும்.

அப் அடி டவுனைவிட மெலிதாக ஒலிப்பது இயல்பு. அதைச் சமப்படுத்த ஒரு வழி: ஜி மேஜர் ஸ்கேலை முழுக்க அப் அடியில் மட்டும் வாசித்துவிட்டு, பிறகு வழக்கமான டவுன்-அப்பில் வாசியுங்கள். வித்தியாசம் உடனே காதில் விழும்.

ரிதம்: கிடாரின் பங்கு

ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவருக்குச் சோலோ வருவது சிறு பங்குதான். மிச்ச நேரமெல்லாம் ரிதம். ஜாமில் (கலைஞர்கள் கூடி வாசிக்கும் அமர்வில்) உங்களை மறுபடியும் கூப்பிடுவார்களா என்பதும் அதை வைத்துத்தான்.

கிடாரில் 1, 3 பீட்களில் அடிக்கம்பி (தடித்த கம்பி) ஒன்று, 2, 4 பீட்களில் மேல் மூன்று கம்பிகளில் ஒரு வீச்சு. ஜி கார்டில் 6-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட், பிறகு 4-ஆவது கம்பி திறந்தபடி. சி கார்டில் 5-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட், பிறகு 6-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட். டி கார்டில் 4-ஆவது கம்பி திறந்தபடி, பிறகு 5-ஆவது கம்பி திறந்தபடி. ஜி கார்டைப் பிடிக்கும் முறையும் கொஞ்சம் வேறு: தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் 3, அடக்கியது, 0, 0, 3, 3. இதில் பி சுரமே இல்லை. அடித்தளத்தில் அந்தச் சுரம் இல்லாததால் கார்டு கலங்காமல் கணீரென்று ஒலிக்கும்; மேலே பாடுபவர் அதில் புளூஸ் சாயலைச் சேர்த்தாலும் மோதாது.

பெரும்பாலோர் செய்யும் பிழை 2, 4-இல் வீச்சைப் பலமாக அடிப்பது. அந்த இடம் மாண்டலினுடையது. கிடார் அங்கே லேசாக உரசினால் போதும்; உங்கள் எடை முழுவதும் அடிக்கம்பியில் விழட்டும்.

பாட்டின் வரி முடியும் இடத்தில் வரும் புகழ்பெற்ற ஜி ரன் என்ற சிறு சுர ஓட்டத்தை மன்ரோ குழுவில் கிடார் வாசித்த லெஸ்டர் ஃப்ளாட்டின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். பல வடிவங்கள் உண்டு; தொடங்க இது போதும். 1-இல் 6-ஆவது கம்பி 3-ஆவது ஃப்ரெட். "2 &"-இல் 5-ஆவது கம்பி 0, 2. "3 &"-இல் 4-ஆவது கம்பி 0, 2. 4-இல் 3-ஆவது கம்பி 0. அடி: டவுன், டவுன்-அப், டவுன்-அப், டவுன். சுரங்கள் ஜி, ஏ, பி, டி, ஈ, ஜி. நம் கணக்கில் ச ரி க ப த ச, அதாவது மோகனத்தின் ஆரோகணம். காதுக்கு உடனே பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. 5-ஆவது கம்பியில் 0-வுக்கும் 2-க்கும் நடுவே 1-ஐ ஒரு வழுக்கலாகச் சேர்த்தால் புளூஸ் வாசனை வரும். பாட்டு முழுக்க இதைத் தூவ வேண்டாம். பாடுபவர் மூச்சு விடும் இடம்தான் இதற்குரிய இடம்.

மாண்டலின் சாப்

புளூகிராஸ் குழுவில் டிரம்ஸ் இல்லை. பாஸ் 1, 3-ஐத் தருகிறது. 2, 4-இல் விழும் வெட்டு மாண்டலினிடமிருந்து வருகிறது. இதற்குப் பெயர் சாப்.

ஜி சாப் கார்டு: தடித்த ஜோடியிலிருந்து 7, 5, 2, 3. கை சிறியதாக இருந்தால் ஆரம்பத்தில் இது சித்திரவதை. அதுவரை சி-க்கு 5, 2, 3, டி-க்கு 7, 4, 5 என்ற மூன்று ஜோடி வடிவங்களில் பழகி, மெல்லிய ஈ ஜோடியை விரலின் அடிப்பகுதியால் அடக்கிக்கொள்ளலாம். இந்த வடிவங்களில் திறந்த கம்பி ஒன்றுகூட ஒலிப்பதில்லை, அதுதான் சூட்சுமம். இடது விரலின் அழுத்தத்தைத் தளர்த்தினால் அழுத்திய கம்பி அடங்கும். திறந்த கம்பி அடங்காமல் இரைந்துகொண்டே இருக்கும்.

அடியைப் பழகும் முறை:

1. விரல்களை அழுத்தாமல் கம்பிகளின் மேல் வைத்து, 2, 4-இல் மட்டும் அடியுங்கள். உலர்ந்த "சக்" என்ற ஒலி மட்டும் வர வேண்டும். நான்கு ஜோடிகளையும் ஒரே வீச்சில் கடந்து செல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் வீச்சு மெதுவாக இருக்கிறது.
2. பிக் கம்பியைத் தொடும் அதே கணத்தில் அழுத்துங்கள், கார்டு ஒலித்ததும் தளர்த்துங்கள். விரல் கம்பியை விட்டு எழக் கூடாது.
3. கார்டின் சுரம் கேட்காமல் "டக்" என்று மட்டும் வந்தால் சீக்கிரம் தளர்த்துகிறீர்கள். ஒலி அடுத்த பீட் வரை நீண்டால் தாமதம்.
4. 1, 3-இல் கையை நிறுத்தாதீர்கள். தடித்த ஜோடியை மட்டும் மெல்லத் தொட்டுவிட்டுப் போகலாம், அல்லது காற்றில் போகலாம்.

சாப் பீட்டை முந்துவது தொற்றுநோய் மாதிரி. மாண்டலின் ஒரு மயிரிழை முந்தினால் அடுத்த சில பார்களில் குழு முழுக்க ஓடத் தொடங்கிவிடும். மெட்ரோனோமை 1, 3-இல் மட்டும் ஒலிக்கவிட்டு 2, 4-ஐ நீங்களே நிரப்பிப் பழகினால் இது அடங்கும்.

இடது கை: இரண்டு கருவிகள், இரண்டு கணக்குகள்

கிடாரில் ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட். மாண்டலின் வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ எனச் சுருதி சேர்க்கப்படுவதால் விரல் முறையும் வயலினுடையது: ஒரு விரலுக்கு இரண்டு ஃப்ரெட். 1, 2 ஆள்காட்டி விரல், 3, 4 நடுவிரல், 5, 6 மோதிரவிரல், 7 சுண்டுவிரல். கிடாரிலிருந்து வருகிறவர்கள் சுண்டுவிரலை 4-இல் வைத்துவிட்டு 7-க்கு எட்டாமல் தவிப்பார்கள்.

ஜி மேஜர் ஸ்கேல் கிடாரில்: 6-ஆவது கம்பி 3, 5-ஆவது 0, 2, 3, 4-ஆவது 0, 2, 4, 3-ஆவது 0, 2, 2-ஆவது 0, 1, 3, முதல் கம்பி 0, 2, 3. மாண்டலினில்: ஜி ஜோடி 0, 2, 4, 5, டி ஜோடி 0, 2, 4, 5, ஏ ஜோடி 0, 2, 3, 5, ஈ ஜோடி 0, 2, 3. இது சங்கராபரணம்தான், பாடிக்கொண்டே வாசிக்கலாம். ஏழாவது சுரம் தாழ்ந்து, அதாவது கைசிகி நிஷாதத்தோடு வரும் மெட்டுகளும் பிடில் மரபில் ஏராளம். 'ஓல்ட் ஜோ கிளார்க்' அப்படிப்பட்டது, ஹரிகாம்போதி சுரங்கள். அதை மேஜர் ஸ்கேலில் வாசித்தால் சுரம் சரிபோலத் தெரிந்தும் ஏதோ உறுத்தும்.

விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் வையுங்கள். நடுவில் வைத்தால் இரட்டிப்பு அழுத்தம் வேண்டும். பயன்படாத விரல் கம்பியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழக் கூடாது.

சுருதி மாறும்போது கிடார் காப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வியை) நம்புகிறது: ஜி வடிவங்களோடு 2-ஆவது ஃப்ரெட்டில் காப்போ போட்டால் ஏ, 4-இல் போட்டால் பி, சி வடிவங்களோடு 2-இல் போட்டால் டி. மாண்டலினில் காப்போ போடுவதில்லை. சம இடைவெளியில் சேர்க்கப்பட்ட கம்பிகள் என்பதால் திறந்த கம்பி இல்லாத ஒரு வடிவத்தை அப்படியே நகர்த்தினால் வேறு சுருதி கிடைக்கிறது. பி, பி ஃப்ளாட் போன்ற சுருதிகளில் பாடகர்கள் பாட விரும்புவதால் இதை ஆரம்பத்திலேயே பழகியாக வேண்டும்.

முதல் பிடில் மெட்டு

பெரும்பாலான பிடில் மெட்டுகள் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் 8 பார், ஒவ்வொன்றும் இரண்டு முறை: மொத்தம் 32 பார். 'சோல்ஜர்ஸ் ஜாய்', 'விஸ்கி பிஃபோர் பிரேக்ஃபாஸ்ட்' இரண்டும் நல்ல தொடக்கம். 'பிளாக்பெரி பிளாசம்' கார்டு வேகமாக மாறுவதால் கொஞ்சம் பிறகு.

டேபை (கம்பி, ஃப்ரெட் எண்களால் எழுதிய குறிப்பை) வைத்துக்கொண்டு தொடங்குவது வழக்கமாகிவிட்டது. எங்கள் பரிந்துரை நேர்மாறு. முதலில் மெட்டை வாயால் பாடத் தெரிய வேண்டும். அடுத்து அதன் கார்டுகளை ரிதமாக வாசிக்க வேண்டும். பிறகு பீட்டில் விழும் முக்கியச் சுரங்களை மட்டும் கருவியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டாகப் பிரித்த முழு வடிவம் கடைசியில். இப்படிக் கற்ற மெட்டில் நடுவே மறந்தாலும் எலும்புக்கூடு கையில் இருக்கும், எங்கிருந்தும் திரும்ப ஏறிக்கொள்ளலாம். டேபை மனப்பாடம் செய்தவர் ஒரு சுரம் தவறினால் முதல் பாருக்குத்தான் திரும்ப முடியும்.

கிராஸ்பிக்கிங், டிரெமோலோ

மெதுவான பாட்டுகளில் ஒற்றைச் சுரம் வெறுமையாக ஒலிக்கும். அங்கே மூன்று கம்பிகளைச் சுழற்சியாக மீட்டிப் பாஞ்சோ போல நிரப்புவதே கிராஸ்பிக்கிங். கிடாரில் சி கார்டைப் பிடித்து 4, 3, 2, 4, 3, 2, 4, 3 என்ற கம்பி வரிசையில் வாசியுங்கள். மூன்று, மூன்று, இரண்டு என அழுத்தம் விழும்; அந்த நொண்டல்தான் அதன் அழகு.

அடி முறையில் பள்ளிகள் பிரிகின்றன. ஸ்டான்லி பிரதர்ஸோடு வாசித்த ஜார்ஜ் ஷஃப்லர் டவுன், டவுன், அப் என்று வாசித்தார். மாண்டலினில் இதைப் பிரபலப்படுத்திய ஜெசி மெக்ரெனால்ட்ஸ் டவுன், அப், அப். மாறாமல் டவுன்-அப் வாசிப்பவர்களும் உண்டு. ஷஃப்லர் முறையில் சுழற்சி வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் நடுவில் ஸ்கேல் ஓட்டத்துக்குத் தாவ வேண்டுமென்றால் கை தடுமாறும். மெட்டும் சுழற்சியும் கலந்து வாசிக்கப் போகிறவர்கள் டவுன்-அப்பிலேயே கடினப்பட்டுப் பழகுவது நல்லது.

டிரெமோலோ மாண்டலினுக்கு உரியது. நம்மூர்க் காதுக்கு மாண்டலின் என்றால் யூ. ஸ்ரீனிவாஸ். அவர் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். ஒலி நீண்டு நிற்பதால் கமகத்துக்கு இடம் கிடைத்தது. இரட்டைக் கம்பி அக்கூஸ்டிக்கில் ஒலி சட்டென அடங்கிவிடும், அதனால் நீண்ட சுரத்தை விடாத மீட்டலால் தாங்கிப்பிடிக்கிறார்கள். பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொட வேண்டும். ஆழமாக இறங்கினால் தையல் மெஷின் சத்தம்தான். சுரத்தின் தொடக்கத்தில் மெதுவாகவும் நடுவில் பலமாகவும் வாசித்துப் பழகுங்கள், பாடுவதுபோல ஏறி இறங்கும்.

வேகம்

மெட்ரோனோம் 240-இல் ஒரு பீட்டுக்கு இரண்டு சுரம் என்றால் நொடிக்கு 8 சுரம். நல்ல ஜாமில் அது சாதாரண வேகம். மேடையில் 300-ம் வரும், நொடிக்கு 10.

ஐந்து ஐந்தாக ஏற்றிக்கொண்டே போகும் முறை 160 வரை வேலை செய்யும். அதற்கு மேல் ஒரு சுவர் வரும். காரணம், மெதுவாக வாசிக்கும்போது மணிக்கட்டு எடுத்துக்கொள்ளும் பெரிய அசைவு வேகத்தில் சாத்தியமே இல்லை. வேகத்துக்கு வேறு அசைவு வேண்டும், அது மெதுவான பயிற்சியில் பிறக்காது. ஆகவே 160-இல் சுத்தமாக வந்ததும் இதைச் செய்யுங்கள்: 210-இல் ஒரே ஒரு பார் வாசித்து அடுத்த பாரின் முதல் சுரத்தில் நிறுத்துங்கள். ஒரு பார் ஓய்வு, கையை உதறுங்கள். மீண்டும் ஒரு பார். ஒரு பார் சுத்தமானால் இரண்டு, பிறகு நான்கு. அன்றைய பயிற்சியின் முடிவில் 90-க்கு இறங்கி மெட்டை ஒரு முறை முழுக்கப் பலமாக வாசியுங்கள். வேகத்தில் நுழைந்த கசடு அங்கே தெரியும்.

180-ஐத் தாண்டியதும் மெட்ரோனோமைப் பாதியாக்கி ஒரு பாருக்கு இரண்டு ஒலி மட்டும் வையுங்கள். நான்கையும் கேட்டுக்கொண்டே வேகமாக வாசிப்பது பதற்றத்தை ஏற்றும். வாரத்துக்கு ஒரு முறை கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது சரியாகத் தோன்றிய ஹாமர்-ஆன்கள் (இடது விரலைத் தட்டி எழுப்பும் சுரங்கள்) பதிவில் முந்தியிருப்பது தெரியவரும். அவற்றுக்குப் பிக் அடி இல்லாததால் கை ஊசல் அங்கே கவனம் இழக்கிறது.

சோலோ கட்டுதல்

சோலோவை இவர்கள் பிரேக் என்பார்கள். முதல் பிரேக்கில் மெட்டு அடையாளம் தெரிய வேண்டும் என்பது எழுதாத சட்டம். எலும்புக்கூட்டிலிருந்து கட்டும் முறை இது. நான்கு பீட்களில் ஜி, பி, டி, பி என்று ஒரு மெட்டுத் துண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் இடைவெளிகளை ஸ்கேல் சுரங்களால் நிரப்புங்கள்: ஜி ஏ, பி சி, டி சி, பி ஏ, அடுத்த பாரில் ஜி. சரியாக இருக்கிறது, ஆனால் சரளி வரிசை போலிருக்கிறது.

இப்போது பீட்டில் விழும் சுரங்களை அப்படியே விட்டுவிட்டு, நடுச்சுரங்களை மட்டும் மாற்றுங்கள்: ஜி பி-ஃப்ளாட், பி சி-ஷார்ப், டி ஈ, பி ஏ, பிறகு ஜி. கிடாரில் 3-ஆவது கம்பி 0, 3. 2-ஆவது கம்பி 0, 2, 3. முதல் கம்பி 0. 2-ஆவது கம்பி 0. 3-ஆவது கம்பி 2, பிறகு 0. மாண்டலினில் டி ஜோடி 5. ஏ ஜோடி 1, 2, 4, 5. ஈ ஜோடி 0. ஏ ஜோடி 2, 0. டி ஜோடி 5. சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கும், பிரதி மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கும் அரைச்சுரம் ஏறுவதுதான் புளூகிராஸ் நெடியைத் தருகிறது. அந்நியச் சுரம் எப்போதும் அப் அடியில், தாய்ச்சுரம் டவுனில். இதை மாற்றிப்போட்டால் காது பிழையென்றே கேட்கும்.

இதற்கு மேல் போக விரும்பினால் கிளாரன்ஸ் வைட்டைக் கேட்கலாம்: எதிர்பார்த்த டவுனில் மௌனம், அதற்கு முந்தைய அப்பில் சுரம். கை ஊசல் உறுதியாக இல்லாதவர்கள் இதை முயன்றால் ஒரு பீட் காணாமல் போகும்.

இருவர் மட்டும் வாசிக்கும்போது

கிடாரும் மாண்டலினும் மட்டும் என்ற அமைப்புக்கு ரிக்கி ஸ்காக்ஸும் டோனி ரைஸும் 1980-இல் வெளியிட்ட இசைத்தட்டைவிட நல்ல பாடம் இல்லை. பாஸ் இல்லாததால் கிடாரின் அடிக்கம்பியே தரை. மாண்டலின் சோலோ எடுக்கும்போது கிடார் வழக்கமான ரிதம் போதும். கிடார் சோலோ எடுக்கும்போதுதான் சிக்கல்: அடிக்கம்பி மறைந்துவிடும், வெறும் சாப்பின் மேல் கிடார் அந்தரத்தில் நிற்கும். அப்போது மாண்டலின் 1, 3-இல் தடித்த ஜோடியில் மூலச்சுரத்தையும் 2, 4-இல் சாப்பையும் வாசிக்க வேண்டும், வழக்கத்தைவிடப் பாதிச் சத்தத்தில். கிடாரின் மெல்லிய கம்பிகளும் மாண்டலினின் நடுக்கம்பிகளும் ஒரே எல்லையில் ஒலிப்பதால், ஒருவர் மேலே போனால் மற்றவர் கீழே இறங்கிவிடுவது நல்லது.

ஜாமுக்குப் போகும்போது சில நடைமுறைகள். மெட்டைச் சொல்பவர் சுருதியையும் சொல்வார். காப்போவை அதற்குள் போட்டுச் சுருதி சரிபார்த்துவிடுங்கள், காப்போ கம்பியைச் சற்று இழுத்துச் சுருதியைக் கூட்டிவிடும். பிரேக் வட்டமாகச் சுற்றி வரும். வேண்டாமென்றால் தலையசைத்து அடுத்தவருக்கு விடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தவர் பிரேக் எடுக்கும்போது உங்கள் ரிதம் அவர் குரலுக்குக் கீழே இருக்க வேண்டும். அவருடைய மெட்டு உங்கள் காதில் விழவில்லையென்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள். நடத்துபவர் ஒரு காலைத் தூக்கினால் அதுவே கடைசிச் சுற்று. அந்த நேரத்தில் கண் உங்கள் ஃப்ரெட்டுகளின் மேல் இருந்தால், எல்லோரும் நின்ற பிறகும் நீங்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.